கேட்டுக்கு வெளியே பதினொரு பேர்

"டீச்சர், ஹெச்.எம். ஆகிறதுக்கு ஆன்லைன்ல ஏதோ படிப்பு இருக்காமே, நீங்க முடிச்சிருக்கீங்களாமே?" என்று மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளி நிர்வாகப் படிப்பை முடித்தால் ஹெச்.எம். (தலைமை ஆசிரியர்) நாற்காலி கிடைத்துவிடாது. அரசுப் பள்ளியில் அதற்குப் பணிமூப்பு, பேனல் (பதவி உயர்வுப் பட்டியல்) என்று தனி வழி இருக்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்கிறவர்களுக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு ஈடாக எந்த நிர்வாகப் பட்டயமும் நிற்காது. உதவி பெறும் பள்ளியில் தாளாளரும் மூப்பும். தனியார் பள்ளியில் நிர்வாகத்தின் விருப்பம். நான் படித்து முடித்து ஒரு வருடம் ஆகிறது. இன்னும் ஹெச்.எம். இல்லை.

நான் காரைக்குடிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினேழு வருட சர்வீஸ். நாலு வருடம் முன்னால் எங்கள் ஏ.ஹெச்.எம். (உதவித் தலைமை ஆசிரியர்) ஓய்வு பெற்றபோது, "கொஞ்ச நாளைக்கு நீங்க பார்த்துக்கோங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். டைம் டேபிள், லீவு போட்டவர் வகுப்புக்கு ஆள் அனுப்புவது, எமிஸ் (மாணவர் விவர இணையதளம்) பதிவு, சர்குலர், காலையில் கேட்டில் நின்று லேட்டாக வருகிறவர்களைப் பிடிப்பது, எல்லாம் என் தலையில். சம்பளம் அதேதான். அல்ஜீப்ரா எடுக்கச் சொன்னால் தூக்கத்தில்கூட எடுப்பேன். ஆனால் என்னைவிட இருபது வயது மூத்த தமிழ் ஐயாவிடம் போய், "இன்னைக்கு ஆறாவது பீரியட் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு நீங்க போங்கய்யா" என்று சொல்ல எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பி.எட்.டில் பள்ளி நிர்வாகம் என்று ஒரு பேப்பர் இருந்தது. மார்க் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அதனால் படிக்கலாம் என்று தேடினேன். தேடத் தொடங்கிய இரண்டாவது நாளே ஓர் ஏஜென்ட் வந்துவிட்டார். ஆறு மாதத்தில் எம்.எட்., வீட்டிலிருந்தே, பரீட்சையும் 'பார்த்துக்கலாம்'. அவர் கொடுத்த நோட்டீஸில் வடநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கட்டடப் படம் பளபளவென்று இருந்தது. நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன்னால் திருப்பத்தூர் தோழி ஒருத்தி தடுத்தாள். பி.எட்., எம்.எட். இரண்டும் ஆசிரியர் கல்விப் படிப்புகள். என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) அங்கீகாரம் இல்லாமல் யார் தந்தாலும் அது வெறும் காகிதம். அவள் சொல்லித்தான் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும். அந்தத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரும், சேரும் கல்வியாண்டும் அதில் இருக்க வேண்டும். போன வருடம் அங்கீகாரம் இருந்த படிப்புக்கு இந்த வருடம் இல்லாமல் போகலாம். பல்கலைக்கழகம் தன் படிப்பை வெளி ஆட்களுக்கு ஃபிரான்சைஸ் கொடுக்கவும் விதி இடம் தராது. ஆகவே 'எங்க சென்டர்ல சேருங்க' என்று ஒரு கடை சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். இப்போது சேருகிறவர்கள் ஏ.பி.சி. ஐ.டி. (பெற்ற கிரெடிட்களைச் சேமிக்கும் கணக்கின் எண்) எடுத்து, அதை வைத்து டி.இ.பி. ஐ.டி. என்று ஒன்றும் எடுக்க வேண்டும். 2024லிருந்து இந்த நடைமுறை. மாணவரே உட்கார்ந்து எடுக்க வேண்டியது, கடைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். முறையாக அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் நேரில் போய்ப் படித்த பட்டமும் சமம் என்று 2022லேயே யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் ஆபீஸ் கிளார்க்குக்கு அது தேவைப்பட்டது.

கடைசியில் நான் சேர்ந்தது கல்வி மேலாண்மையும் நிர்வாகமும் என்ற முதுநிலைப் பட்டயம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. கொஞ்சம் குறைகளும் சொல்லவேண்டியிருக்கிறது. "ஊருக்குள்ளேயே பல்கலைக்கழகத்தை வச்சுக்கிட்டு எதுக்கு வெளியே?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். அழகப்பா பல்கலைக்கழகமும், டெல்லியில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இரண்டுமே 1985இல் பிறந்தவை. இரண்டின் கையேட்டையும் பார்த்தேன், இன்னும் மூன்றையும் பார்த்தேன். சொந்தப் பள்ளியை வைத்து ப்ராஜெக்ட் செய்யச் சொல்கிற படிப்பு எது என்று மட்டும்தான் தேடினேன். அந்த வருடம் எனக்கு அது வேறிடத்தில் அமைந்தது.

பணம் கட்டுவதற்கு முன் இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இலவசமாகவே ஒரு வழி இருக்கிறது. டெல்லியில் உள்ள நீபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தின் பள்ளித் தலைமை மையம் ஆன்லைனில் ஒரு படிப்பு நடத்துகிறது. பள்ளித் தலைமையை ஏழு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவைக் கட்டுவது என்று போகும். நிர்வாகம் ஏழாவதாக, கடைசியில்தான் வருகிறது. நான் ஏ.ஹெச்.எம். வேலை என்று செய்துகொண்டிருந்தது முழுக்க அந்த ஏழாவது பகுதி. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வருடத்துக்கு 50 மணி நேரம் தொடர் பயிற்சி என்கிறது. அந்தக் கணக்கில் சேருமா சேராதா என்பதை விடுங்கள், இதைப் பார்த்தால் நமக்கு இது பிடிக்கிறதா என்பதாவது தெரிந்துவிடும்.

அப்புறம் நேரம். இங்கேதான் பலபேர் விழுகிறார்கள். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று இக்னோ மாதிரியான இடங்களில் கணக்கு. என் பட்டயம் 30 கிரெடிட். ஆக 900 மணி நேரம். ஒரு வருடத்தில் முடிக்க வாரத்துக்குப் பதினேழு மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு, எட்டாவது படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு முடியுமா? நான் இரண்டு வருடமாகப் பிரித்தேன். வாரம் ஒன்பது மணி நேரம். தினமும் ஒரு மணி, ஞாயிறு மூன்று மணி. அதுவே மூச்சுமுட்டியது. இதில் இன்னொரு வேடிக்கை: தேர்வு வைப்பது ஜூனிலும் டிசம்பரிலும். ஜூனில் பள்ளி திறக்கும், டிசம்பரில் அரையாண்டுப் பேப்பர் கட்டு மேஜையில் கிடக்கும். ஆசிரியருக்கான படிப்பு என்கிறார்கள், ஆசிரியரின் காலண்டரை ஒருதரம் பார்த்திருக்கலாம். ஒரு தடவைக்கு இரண்டு பேப்பருக்கு மேல் எழுதாதீர்கள் என்பேன்.

நாங்கள் குடியிருப்பது கோட்டையூரில் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்கட்டில். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலே உள்ளே வராது, செல்போன் சிக்னல் எப்படி வரும்? முதல் வகுப்பன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தேன். கடைசியில் வளவில், அதாவது நடு முற்றத்தில், வானம் தெரிகிற ஓரத்தில், மரத்தூணை ஒட்டி நாற்காலி போட்டால் மூன்று கோடு வந்தது. அதுதான் இரண்டு வருடம் என் வகுப்பறை. பக்கத்தில் கொசுவத்தி. மழை வந்தால் கேமராவை அணைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓட்டம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ராத்திரி ஏழரைக்கு நான் கடை விரித்ததும் எதிர்ப் பட்டாலைத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். "என்ன ஆத்தா, படிச்சு முடிச்சு வாத்தியாராகி, மறுபடி படிக்கியா?" என்றார். நிர்வாகம் பண்ணப் படிக்கிறேன் ஆச்சி என்றேன். ஆச்சிக்குச் சிரிப்பு. "எங்க மாமனார் பதிமூணு வயசுல பர்மாவுக்குப் போனாக. பெட்டியடிப் பையன். பெட்டகத்துப் பக்கத்துல உக்காந்து பேனா சீவிக் குடுக்கணும், கணக்கப் பாக்கணும், வர்றவகளுக்குத் தண்ணி குடுக்கணும். பொறவு அடுத்தாள். பொறவுதான் மேலாள். மூணு வருசக் கணக்கு முடிஞ்சு ஊருக்கு வரையில ஐந்தொகை ஒரு காசு உதைச்சாலும் முதலாளி முகத்துல முழிக்க முடியாது. நீ எங்க உக்காந்திருக்க, பெட்டியடிலயா?" ஆமாம் என்றுதான் சொன்னேன். நிதி மேலாண்மை பேப்பர் படித்தபோது, பள்ளிக்கு வந்த மானியத்தையும் செலவையும் எதிரெதிரே போட்டுப் பார்க்கும் பழக்கத்தை பாடப் புத்தகத்தைவிட ஆச்சியின் ஐந்தொகைப் பேச்சுதான் மனசில் ஏற்றியது.

முதல் அசைன்மெண்ட்டில் நூற்றுக்கு 48. இத்தனை வருடமாக மார்க் போட்ட கைக்கு அந்த 48 எரிந்தது. தலைமைப் பண்பின் வகைகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். லெவின், மெக்ரிகர் என்று அறிஞர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, புத்தகத்தில் இருந்ததை என் ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டிருந்தேன். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: இதில் உங்கள் பள்ளி எங்கே? கோபம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாவது நாள் மெக்ரிகரை மறுபடி எடுத்தேன். 1960இல் அவர் சொன்னது சின்ன விஷயம்தான். ஆட்கள் வேலை செய்யாமல் நழுவுவார்கள், கண்காணித்தால்தான் நடக்கும் என்று நினைக்கிற மேலாளர் ஒரு வகை. பொறுப்பைக் கொடுத்தால் ஆட்கள் எடுத்துச் செய்வார்கள் என்று நம்புகிறவர் இன்னொரு வகை. முதல் வகைக்கு எக்ஸ், இரண்டாவதுக்கு ஒய் என்று பெயர் வைத்தார். நான் எது? கணக்கு டீச்சர் எக்ஸ் என்றால் தெரியாத மதிப்பு என்று சொல்வேன். இங்கே தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றால், பள்ளி வாசல் கேட்டை வைத்து. எங்கள் பள்ளிக்கு 9.10க்கு பிரேயர். மணி அடித்ததும் கேட்டைச் சாத்தச் சொன்னது நான்தான். லேட்டாக வருகிறவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். வேப்பமரம் என்று பெயர், நிழல் எல்லாம் மறுபக்கம் விழும். பிரேயர் முடிந்து, நான் வந்து, ஒவ்வொருவரையும் நாலு வார்த்தை சொல்லி உள்ளே விட ஒன்பதே முக்கால் ஆகும். ஒழுங்கு வந்துவிட்டது என்று ஹெச்.எம். என்னைப் பாராட்டியும் இருந்தார்.

ஒரு புதன்கிழமை பதினொரு பேர் நின்றார்கள். அன்று ராத்திரி சட்டப் பேப்பர் வகுப்பு. கல்வி உரிமைச் சட்டம், 2009. பிரிவு 17 வந்தது. குழந்தையை உடலால் தண்டிக்கக் கூடாது, மனத்தளவிலும் துன்புறுத்தக் கூடாது. பி.எட். படித்தவர்களுக்குத் தெரிந்த பிரிவுதான், எனக்கும் தெரியும். நான்தான் யாரையும் அடிப்பதில்லையே என்று இத்தனை நாள் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று தாண்ட முடியவில்லை. அந்தப் பதினொரு பேரில் ஆறாம் வகுப்புப் பெண் ஒன்று, நான் கிட்டே போனதும், கேட்காமலேயே "நாளைக்கு ஓடி வந்துர்றேன் டீச்சர்" என்றது. ஓடி வருகிறேன் என்றால் எங்கிருந்து? நான் கேட்கவில்லை.

அதையே ப்ராஜெக்ட் ஆக்கினேன். ஒரு நீள நோட்டு. யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு, எதில் வந்தார்கள், ஏன். திட்டாமல் கேட்டு எழுத வேண்டும் என்பது எனக்கு நானே வைத்த விதி. முதல் வாரம் பிள்ளைகள் நம்பவில்லை. "வயித்துவலி டீச்சர்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவது வாரம்தான் நிஜம் வர ஆரம்பித்தது. இருபது வேலை நாளில் 168 தாமதப் பதிவு, ஆனால் ஆள் 41 பேர்தான். 168இல் 97 ஒரே டவுன் பஸ். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களிலிருந்து வருவது. அதற்கு முந்தின பஸ் 7.50க்கு. இந்த பஸ் பள்ளி வாசலில் இறக்கும்போது 9.20. ஓடி வருகிறேன் என்று சொன்ன பெண் அந்த பஸ்தான். பஸ்ஸுக்குள் ஓடினால் என்ன ஆகும்?

மீதிப் பேரில் நாலு பையன்கள் காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறார்கள். ஒருவன் வீட்டில் அப்பா சிங்கப்பூர், அம்மா இல்லை, படுத்த படுக்கையான அப்பத்தாவைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறான். உண்மையிலேயே தூங்கிவிட்டு வருகிறவர்கள் ஆறோ ஏழோ பேர். நான் 41 பேருக்கும் ஒரே மருந்து கொடுத்திருக்கிறேன்.

பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி இரண்டு மனு கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் குழுவிலும் அப்படித்தான், கையெழுத்து வாங்கும்போது மட்டும். இந்த முறை நோட்டை விரித்து வைத்துப் பேசினோம். கண்மாய்க்கரை ஊரிலிருந்து வந்த ஓர் அம்மாதான் கேட்டார்: "பஸ்ஸ மாத்த முடியலன்னா சாமி கும்புடுறத மாத்தக் கூடாதா டீச்சர்?" இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாதது. 9.10லிருந்து 9.25 வரை வகுப்பிலேயே வாசிப்பு நேரம், 9.25க்கு பிரேயர் என்று ஒரு மாதம் வைத்துப் பார்க்க ஹெச்.எம். சம்மதித்தார். அடுத்த இருபது நாளில் 168 என்பது 59 ஆனது. பி.இ.டி. (உடற்கல்வி) சார் மட்டும் இன்றுவரை, "கண்டிப்பு போச்சு மேடம்" என்கிறார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த ஆறேழு பேர் இப்போது 9.24க்கு வருகிறார்கள்.

இந்த ப்ராஜெக்ட்டுக்கு 81 போட்டார்கள். என் வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் சேர்ந்து படித்தோம். ஒருவர் சாட்ஜிபிடியிடம் கேட்டு அசைன்மெண்ட் எழுதி அனுப்பினார். அழகான ஆங்கிலம். அதே ஆங்கிலத்தில் அதே பதிலை வேறு யாரோவும் அனுப்பியிருக்க, இரண்டும் திரும்பி வந்தன. ஆங்கிலத்துக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார் பாவம். நானும் பயந்தவள்தான். நான் செய்தது, முதலில் தமிழில் நம் பள்ளிக் கதையாக எழுதிவிடுவது. அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் மாற்றுவது. புத்தகத்தில் வரும் பெரிய சொல் ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்து ஓர் ஆளை உதாரணமாகப் போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டை யாருக்கும் காட்டமாட்டேன்.

குறை என்று சொன்னேனே, அது இதுதான். முதல் தேர்வுக்கு ஹால் டிக்கெட்டில் ஒரு பேப்பரின் குறியீடு தப்பாக வந்தது. மெயில் போட்டால் தானாக வரும் பதில்தான் வந்தது. போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மையம் மதுரையில். விடியற்காலை பஸ் பிடித்துப் போய், மையத்திலிருந்தவரிடம் பதிவு செய்த ரசீது, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், நான் அனுப்பிய மெயில்கள் எல்லாவற்றையும் காட்டின பிறகு எழுத விட்டார். ஆன்லைன் படிப்பில் ஆபீஸ் என்று போய் நிற்க ஓர் இடம் கிடையாது. அதனால் சேர்ந்த நாளிலிருந்து ஒரு ஃபைல் போட்டுவிடுங்கள். கட்டிய பணம், அனுப்பிய அசைன்மெண்ட், பதிவேற்றிய தேதி, எல்லாம் காகிதமாக. மதிப்பெண் பட்டியலில் ஓர் அசைன்மெண்ட் மார்க் ஏறாமல் போனபோது அந்த ஃபைல்தான் என்னை மறுபடி காப்பாற்றியது. அதற்கும் நாலு மாதம் ஆனது.

வீட்டில் என்ன மாறியது என்றும் கேட்கிறார்கள். சேருவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடமும் பெண்ணிடமும் உட்கார்ந்து பேசிவிட்டேன், ராத்திரி ஏழரையிலிருந்து எட்டரை வரை நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் மருந்துக்கடையை ஒன்பதுக்குத்தான் சாத்துவார், ஆக தோசை வார்க்கக் கற்றுக்கொண்டது பெண்தான். மாமியாரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் நான் டியூஷன் எடுப்பதாகவே ஆறு மாதம் நினைத்திருந்தார்.

சான்றிதழ் தபாலில் வந்தது. ஆச்சிதான் முகப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். "சம்பளம் கூட்டுவாகளா?" இல்லை ஆச்சி. "அடுத்தாளாச்சும் ஆயிட்டியா?" அதுவும் இன்னும் எழுத்தில் வரவில்லை என்றேன். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் மாவுருண்டை டப்பாவை நகர்த்தினார்.

போன மே மாதம் எங்கள் ஹெச்.எம். ஓய்வு பெற்றார். மூப்புப்படி சயின்ஸ் டீச்சர் ஹெச்.எம். ஆனார். நல்லவர், கறாரானவர். முதல் ஸ்டாஃப் மீட்டிங்கிலேயே பிரேயர் பழையபடி 9.10க்கு, மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிட வேண்டும் என்றார். பி.இ.டி. சார் தலையாட்டினார். மீட்டிங்கில் எதிர்த்துப் பேசாமல், முடிந்ததும் அந்த நீள நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். பஸ் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வச்சிட்டுப் போங்க டீச்சர். திங்கட்கிழமை பேசலாம்" என்றார்.

இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. இன்னும் கூப்பிடவில்லை. கேட்டையும் இன்னும் சாத்தச் சொல்லவில்லை.